பாட்டி சொன்னது தப்பான ஆங்கிலமா?

கேள்வி: எடின்பரோவில் படிக்கும் என் மகளிடம் பக்கத்து வீட்டுப் பாட்டி, "பேர்ன் கிரீட்டிங்" என்றாராம். குழந்தை வணக்கம் சொல்கிறது போல என்று இவள் சிரித்திருக்கிறாள், பாட்டி முகம் மாறிவிட்டதாம். அங்கே பேசுவது கொச்சை ஆங்கிலமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: 'குழந்தை அழுகிறது' என்றுதான் பாட்டி சொன்னார், பாவம்! பேர்ன் என்றால் குழந்தை, கிளாஸ்கோ பக்கம் அதையே 'வேன்' என்பார்கள். கிரீட் என்றால் அழுவது. வணக்கம் சொல்லும் கிரீட் வேறு, இது வேறு, உச்சரிப்புதான் ஒன்று.

கொச்சை என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா. இது ஸ்காட்ஸ், ஸ்காட்லாந்தின் மொழி, பழைய ஆங்கிலத்தின் வடக்குக் கிளையிலிருந்து தனியாக வளர்ந்தது. வீட்டை 'ஹூஸ்' என்றும் பசுவை 'கூ' என்றும் அவர்கள் சொல்வது சிதைவே இல்லை, ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் அப்படித்தான் சொன்னார்கள், தெற்கே அது ஹவுஸ், கவ் என்று மாறியது, வடக்கே மாறவில்லை, அவ்வளவுதான். இப்படிப் பேசியதற்காகப் பள்ளியில் அடி வாங்கிய பிள்ளைகள் அங்கே எத்தனையோ பேர். நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம் பேர் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்றார்கள், 2025இல்தான் சட்டம் அதற்கு அதிகாரபூர்வ இடம் கொடுத்தது.

மகள் கவனிக்க வேண்டியது, தெரிந்த ஆங்கிலச் சொல் போலவே இருந்து ஏமாற்றும் சொற்களைத்தான். 'மெசேஜஸ்' வாங்கப் போகிறேன் என்றால் மளிகைச் சாமான் வாங்கப் போகிறார் என்று அர்த்தம். 'பீஸ்' என்பது சாண்ட்விச். 'த மோர்ன்' என்றால் நாளை, காலை இல்லை. 'கென்' என்றால் தெரியும். கல்லூரிக் கடிதத்தில் 'அவுட்வித்' என்று வந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம், அவுட்சைட் என்பதை அங்கே அலுவலகக் கடிதத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

அப்புறம் 'ட்ரீக்'. வானம் இருண்டு, ஈரமாய், நாள் முழுக்க நசநசவென்று தூறும் பாருங்கள், அந்த நாளுக்கான சொல். ஆங்கிலத்தில் டல், டிரியரி என்று எதைப் போட்டாலும் பாதிதான் வரும். நம் 'மந்தாரம்' அதைவிட நெருக்கமாக இருக்கிறது.

கேள்வி: புத்தாண்டு நள்ளிரவில் பாடும் 'ஆல்ட் லாங் சைன்' என்றால் என்ன?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அதுவும் ஸ்காட்ஸ்தான். சொல்லுக்குச் சொல் 'ஓல்டு லாங் சின்ஸ்', நம் பேச்சில் 'அந்தக் காலம்'. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788இல் எழுதி அனுப்பிய வடிவம்தான் உலகம் முழுக்கப் பரவியது. பலரும் கடைசிச் சொல்லை ஆங்கில 'z' ஒலியோடு 'zine' என்று இழுத்துப் பாடுகிறார்கள், சரியானது 's' ஒலியோடு 'சைன்'.