டே கேர் சேர்க்கை: உரிமத்தைப் பார்த்தாயிற்று, ஏடுகளைப் பார்த்தீர்களா?

கேள்வி: எங்கள் குழந்தைக்கு ஒன்றரை வயது. நான் வேலைக்குத் திரும்புவதால் டே கேரில் சேர்க்கப் போகிறோம். பார்த்த இடம் சுத்தமாக இருக்கிறது, உரிமத்தை பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன கேட்பது? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?

பதில்: தயங்காமல் கேளுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரியும் இவற்றைத்தான் கேட்பார். ஒழுங்காக நடத்துபவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

முதலில் அந்த உரிமத்தையே நின்று படியுங்கள். எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை குழந்தைகளுக்கு, எந்த வயதினருக்கு, எந்த முகவரிக்கு என்று பாருங்கள். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டுக் கைக்குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டால் அது விதிமீறல்.

அடுத்தது வருகைப் பதிவேடு. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தீப்பிடித்து எல்லோரும் வெளியே ஓடிவந்தால், உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று சொல்வது இந்த ஏடுதான். காலை 11 மணி வாக்கில் போய், அன்றைய பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளின் பெயரை மறைத்துக் காட்டினாலும் போதும். ஏட்டில் எத்தனை பேர், அறையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நிஜமாகவே வாசலில் எழுதப்பட்ட ஏட்டில் 8.52, 9.17 என்று முன்னும் பின்னுமாக நேரம் இருக்கும், கையெழுத்தும் ஆளுக்கு ஆள் மாறும். எல்லோரும் சரியாக 9.00 மணிக்கு வந்ததாக ஒரே பேனாவில் இருந்தால், யாரோ மொத்தமாக உட்கார்ந்து எழுதியது அது. பகல் 11 மணிக்கே சாயங்காலம் கிளம்பிய நேரமும் நிரம்பியிருந்தால் அந்த இடமே வேண்டாம்.

தீ ஒத்திகைக்கும் தனிப் பதிவு உண்டு. பல இடங்களில் மாதம் ஒருமுறை கட்டாயம். தேதி, நேரம், வெளியேற எவ்வளவு நேரம் பிடித்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஒத்திகை நடத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். நடக்கத் தெரியாத குழந்தைகளை யார் தூக்குவது என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரியும். அப்படியே தீயணைப்புக் கருவியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஊழியர்களின் பின்னணிச் சரிபார்ப்பு, முதலுதவிச் சான்றிதழ் இரண்டையும் விசாரியுங்கள். சான்றிதழ் ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் லீவு போடும் நாளில் யார் பார்ப்பது என்று கேளுங்கள்.

கேள்வி: மூன்று வயது மகன் நெற்றியில் வீக்கத்தோடு வந்தான். கேட்டதற்கு, ‘விளையாடும்போது விழுந்திருப்பான்’ என்கிறார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை.

பதில்: ஓடியாடும் பிள்ளை விழத்தான் செய்யும், அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘விழுந்திருப்பான்’ என்ற பதிலை ஏற்கவே முடியாது. யாரும் பார்க்கவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி விழுந்தான், அருகில் யார் இருந்தார்கள், என்ன முதலுதவி செய்தார்கள் என்று அன்றே எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதுதான் முறை. தலையில் அடி என்றால் உடனே போன் செய்திருக்க வேண்டும். வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம் என்று எது தெரிந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மகனைப் பற்றிய பதிவின் நகலை எழுத்து மூலமாகக் கேளுங்கள். வீக்கத்தைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரியான பதில் வராவிட்டால் உரிமம் கொடுத்த துறையிலேயே புகார் கொடுக்கலாம்.

‘எங்கள் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது’ என்று சில மையங்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. சின்னப் பிள்ளைகள் நிறைந்த இடத்தில் அப்படி இருக்க வழியே இல்லை. சிராய்ப்பையும் கடித்த தடத்தையும் விடாமல் எழுதி வைக்கும் இடத்தைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: காய்ச்சல் மருந்து கொடுத்தனுப்பினால் ஒவ்வொரு முறையும் படிவம் நிரப்பச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: கண்டிப்பாகத் தேவை. பாராசிட்டமால் சிரப் ஒரே மாதிரி பாட்டிலில் வேறு வேறு அடர்த்தியில் வருகிறது: 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று. ‘5 மில்லி கொடுங்கள்’ என்று வாயால் சொன்னால் அளவு இரட்டிப்பாகிவிடலாம். வேறு சீசாவில் ஊற்றி அனுப்பாமல், லேபிளோடு கூடிய பாட்டிலையே கொடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்பதால், வீட்டில் கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் அந்தப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.