ஆர்க்கிடெக்ட் ஆனபின் நிரலைத் தொடலாமா?

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகள் நிரல் எழுதியபின், மென்பொருளின் மொத்த அமைப்பைத் தீர்மானிக்கும் ஆர்க்கிடெக்ட் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். "இனி நிரலைத் தொடாதீர்கள், வரைபடம் போடுங்கள்" என்கிறார் மேலாளர். கை வைத்துச் செய்யாதவர் பேச்சை எப்படிக் கேட்பது என்கிறார்கள் குழுவில் உள்ள இளைஞர்கள். எவ்வளவு தெரிந்திருந்தால் போதும்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இளைஞர்கள் பக்கம்தான் நான். தினமும் நிரல் எழுத வேண்டியதில்லை. ஆனால், பின்னால் மாற்றுவதற்குப் பெரும்பாடு படவேண்டிய முடிவு எதுவோ, அதில் உங்கள் கை பழகியிருக்க வேண்டும். திரை எப்படி இருக்க வேண்டும் என்பதைக் குழுவிடம் விட்டுவிடுங்கள். சரிவராவிட்டால் அடுத்த மாதமே மாற்றிக்கொள்வார்கள். தரவு எந்த வடிவில் தங்குகிறது, எந்தச் சேவை (மென்பொருளில் தனியாக ஓடும் ஒரு பகுதி) எதை நம்பி நிற்கிறது, நடுவில் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் பிறர் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதாது.

வரைபடத்தில் எட்டுச் சேவைகளிலிருந்து ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு சேவையும் 2 பிரதிகளாக ஓடுகிறது, பிரதிக்கு 20 இணைப்புகள். மொத்தம் 320. அமைப்பை மாற்றாவிட்டால் போஸ்ட்கிரெஸ் அனுமதிப்பதோ 100. அந்த எண்ணை இஷ்டத்துக்கு உயர்த்தவும் முடியாது. இணைப்புக்கு ஒரு தனி பிராசஸ் (தனியாக ஓடும் நிரல்) என்பதால் நினைவகத்தைத் தின்றுவிடும். நடுவே, இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் என்ற மென்பொருளை வைத்து, பரிவர்த்தனை முடிந்ததும் இணைப்பை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அப்போது, இணைப்பு திறந்திருக்கும் நேரம் (செஷன்) முழுக்கப் பிடித்துவைக்கும் பூட்டுகளை (பிறர் குறுக்கிடாமல் தடுப்பவை) நம்பி எழுதிய நிரல் தடுமாறும். அம்புக்குறியில் இதெல்லாம் தெரியாது, ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

நம் பக்கத்து வேலை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு செயலி. அறுவடை நேரம், களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது, வானம் இருட்டுகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, 40 கிலோ சிப்பங்களாக எடை போடுகிறார்கள். பட்டியல் எழுத்தர் பதிவை அனுப்பும் நேரத்தில் சிக்னல் போய்விடுகிறது. சர்வரில் பதிவாகிவிட்டது, பதில் மட்டும் வந்து சேரவில்லை. அவர் மறுபடி அழுத்துகிறார். ஒரே நெல்லுக்கு இரண்டு பதிவு.

கைபேசியிலேயே பதிவுக்கு ஒரு தனி அடையாள எண் கொடுத்தால் பாதி தீர்ந்தது. "அந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்ப்போம்" என்று குழுவில் ஒருவர் சொல்வார். அங்கேதான் நீங்கள் விழித்திருக்க வேண்டும். இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் பார்த்தால் இரண்டுக்கும் "இல்லை" என்றே பதில் வரும். அந்த எண் இரண்டாம் முறை நுழையாதபடி தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு போட வேண்டும். நெட்வொர்க்கை நம்பலாம் என்ற எண்ணத்தை, சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பீட்டர் டாய்ச் 1994-இல் தொகுத்த தவறான அனுமானங்களின் பட்டியலில் முதலாவதாக வைத்தார். இன்றும் ஒவ்வொரு வடிவமைப்புக் கூட்டத்திலும் நான் முதலில் கேட்பது, "பதில் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்பதைத்தான். அந்தச் சிப்பங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் ஒரு போக உழைப்பு இருக்கிறது. அந்தக் கணக்குத் தவறக் கூடாது.

மேலாளர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. வெளியீட்டுத் தேதி நம்பியிருக்கும் பகுதியை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கூட்டங்கள் முடியும்வரை குழு முழுக்கக் காத்திருக்க நேரிடும். உங்கள் முடிவைச் சோதிக்கும் சிறு முன்மாதிரியை எழுதுங்கள், பிறர் நிரலைப் படியுங்கள். நள்ளிரவில் ஏதாவது விழுந்தால் குழுவோடு உட்கார்ந்து, சர்வர் எழுதிவைக்கும் பதிவேடுகளைப் (லாக்) பாருங்கள்.

கேள்வி: கிளவுட் சான்றிதழ் வாங்கினால் ஆர்க்கிடெக்ட் ஆகிவிடலாமா?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: ஆக முடியாது. முதலில் ஒரு சின்னச் செயலியை நாலு பேர் உண்மையாகவே பயன்படுத்தும்படி ஓட்டுங்கள். தரவுத்தளத்தைக் காப்பெடுத்து, அந்தக் காப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். சான்றிதழுக்கு அதன்பின் படிக்கலாம், பாடமும் சுலபமாகப் புரியும்.