போனில் ஆவணப்படம்: மாணவர்கள் கேட்ட சில கேள்விகள்

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஆவணப்படம் எடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் வேலை எடிட்டிங். அதனால் பெரும்பாலும் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்துதான் யோசிப்பேன்.

தூத்துக்குடி மாணவி: அக்கா, உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எடுக்கிறோம். கல்லூரிக் கேமரா ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். மற்றபடி போன்தான். போதுமா?

போதும். ஒரு நாள் கேமராவை விட மூன்று மாதம் கையிலேயே இருக்கும் போன் எவ்வளவோ மேல். பாத்தியில் தண்ணீர் கட்டுவதும் உப்பு படிவதும் வாருவதும் ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை, முதல் நாள் போனால் எல்லோரும் கேமராவைப் பார்ப்பார்கள், நாலைந்து தடவை போன பிறகுதான் உங்களை மறந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். படம் அப்போதுதான் தொடங்குகிறது. உப்பளத்தில் பெரிய தொல்லை வெளிச்சம். ஆட்டோவில் விட்டால் போன் அந்த வெள்ளையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். திரையில் முகம் இருக்கும் இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும், அதாவது வெளிச்ச அளவும், லாக் ஆகிவிடும். பிளாக்மேஜிக் கேமரா என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது, உங்கள் போனில் ஓடினால் இதையெல்லாம் கையால் வைத்துக்கொள்ளலாம். ஷூட்டிங்குக்கு முன்னால் ஏரோப்ளேன் மோட் போடுங்கள், நல்ல பேட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் யாராவது கூப்பிடுவார்கள்.

அவரே: அங்கே காற்று பலமாக அடிக்கிறது. பேச்சே கேட்கவில்லை.

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். படம் கொஞ்சம் ஆடினால், மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு புரியவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். வயர் வைத்த சாதாரண காலர் மைக் ஒன்று வாங்குங்கள். அதை இன்னொரு போனில் செருகி, ரெக்கார்டரை ஓடவிட்டு அவர் பையிலோ இடுப்பிலோ வைத்துவிடுங்கள். காற்றுக்கு மைக்கின் மேல் போடும் ஸ்பாஞ்ச் பத்தாது, ரோமம் வைத்த உறை வேண்டும். அதுவும் இல்லை என்றால் ஆளைக் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, மைக்கைத் துணிக்கு உள்பக்கம் குத்துங்கள், ஆனால் துணி உரசுகிறதா என்று ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேட்டியைத் தொடங்க வேண்டும். இரண்டு போனும் ஓடத் தொடங்கியதும் கேமரா முன்னால் ஒரு தடவை கை தட்டுங்கள், எடிட்டிங்கில் சத்தத்தையும் படத்தையும் சேர்க்க அது ஒன்று போதும். அப்புறம், பேட்டி முடிந்தபின் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை மூட அதுதான் கைகொடுக்கும்.

கோவை மாணவர்: நொடிக்கு 24, 25, 30 ஃபிரேம், எதில் எடுப்பது? டியூப் லைட் அடியில் எடுத்தால் கோடு கோடாக ஓடுகிறது.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேமில், அதாவது 25 படமாக எடுத்து, ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி வையுங்கள், கோடு பெரும்பாலும் போய்விடும். வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும், அங்கே ஷட்டர் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் தொடக்கம் முதல் கடைசி வரை, எல்லார் போனிலும் 25 மட்டும்தான்.

மதுரை மாணவர்: தனியாகப் பதிவு செய்த ஆடியோ முதலில் சரியாக இருக்கிறது, பதினைந்து நிமிடம் போனதும் உதடும் பேச்சும் ஒட்டவில்லை.

பலர் ஆடியோவைத் திட்டுவார்கள், பெரும்பாலும் குற்றம் வீடியோ பக்கம் இருக்கும். போன்கள் பல நேரம் ஃபிரேம் வேகத்தைச் சீராக வைத்திருப்பதில்லை, வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து ஏற்றி இறக்கும். எடிட்டிங்குக்கு முன்னால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு தடவை மாற்றி எடுங்கள். ஒரிஜினலை அழிக்காதீர்கள்.

அவரே: லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் திணறுகிறது.

ப்ராக்ஸி போடுங்கள், அதாவது சிறிய அளவு நகலை வைத்து வெட்டிவிட்டு, கடைசியில் ஒரிஜினலில் இருந்து படத்தை எடுப்பது. அதற்கும் திணறினால் கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருள், அது இலவசம், அதிலும் ப்ராக்ஸி உண்டு.

சென்னை மாணவி: எங்கள் ஏரியின் பழைய படம் எங்கும் கிடைக்கவில்லை. ஏஐயில் 1950ஆம் வருடத்து ஏரி மாதிரி உருவாக்கிச் சேர்க்கலாமா?

வேண்டாம் அம்மா. ஆவணப்படத்தில் ஒரு பழைய படம் வந்தால் அது நடந்தது என்று பார்ப்பவர் நம்புகிறார், அந்த நம்பிக்கை போனால் நீங்கள் உண்மையாக எடுத்த மற்ற காட்சிகளையும் சந்தேகப்படுவார். படம் இல்லை என்பதையே காட்டுங்கள். கரையில் வளர்ந்த பெரியவர் ஒருவரை இன்றைய தெருவில் நடக்கவிட்டு, மதகு எங்கே இருந்தது, எங்கே குளித்தார் என்று கை நீட்டச் சொல்லுங்கள். அந்தக் கையைப் பாருங்கள், ஏரி தெரியும். மீறிப் போட்டே ஆக வேண்டும் என்றால் அந்தக் காட்சி ஓடும் நேரம் முழுக்க திரையிலேயே உருவாக்கப்பட்ட படம் என்று எழுதியிருக்க வேண்டும்.

தூத்துக்குடி மாணவி: ஒரு அம்மா கூலியைப் பற்றி மனம் விட்டுப் பேசினார். மறுநாள், வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார். முகத்தை மங்கலாக்கினால் போதுமா?

போதாது. கூட வேலை செய்பவர்களுக்கு அவர் குரலே போதும், சேலையும் நடையும் போதும். குரலைக் கருவியில் மாற்றினாலும் பழையபடி திருப்பிவிட வழி உண்டு. அவர் சொன்னதை வேறு ஒருவரைப் பேச வைத்து, படத்தில் கையோ பாத்தியோ மட்டும் காட்டலாம். ஆனால் அவரிடம் கேட்ட பிறகுதான். போனில் லொகேஷன் பதிவாவதையும் நிறுத்துங்கள், வீடியோ கோப்புக்குள்ளேயே இடம் எழுதப்பட்டிருக்கும். வெட்டிய பகுதியை லேப்டாப்பில் அவர் வீட்டுக்கே எடுத்துப் போய்க் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடிட்டிங் டைம்லைனில் மட்டும் அல்ல, ஹார்ட் டிஸ்கிலும், உங்கள் எல்லார் போனிலும், குரூப்பில் பகிர்ந்திருந்தால் அங்கேயும் அழித்துவிட்டு, அழித்துவிட்டோம் என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.