குதிரையை ஏன் வண்டியில் ஏற்றுகிறார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மாட்டுப் பண்ணைகளில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் வாரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மாடு பிடிப்பதைவிடச் சமையலையும், குதிரைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதையும்தான் அதிகம் எழுதியிருந்தீர்கள். குதிரை ஏறிப் போவதற்குத்தானே? அதை ஏன் வண்டியில் ஏற்ற வேண்டும்? முப்பது பேருக்கு வீட்டிலேயே சமைப்பதற்குப் பதில் வெளியே வாங்கிவிடலாமே. பைக் வைத்து மாடு ஓட்ட முடியாதா? இதெல்லாம் பழைய பெருமைக்காகச் செய்வதா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

பெருமைக்காக இல்லை. அந்த வாரத்தைத் தாங்குவதே அந்த இரண்டு வேலையும்தான் என்று நினைக்கிறேன். அதனால்தான் அவற்றை அவ்வளவு எழுதினேன்.

அங்கே பக்கத்துப் பண்ணை என்றாலே இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மார்ச், ஏப்ரலில் பிறந்த கன்றுகளுக்கு மே, ஜூனில் சூடு போட்டு, தடுப்பூசி போட்டு, காளைக்கன்றுகளுக்குக் காயடிக்க வேண்டும். எல்லாப் பண்ணைக்கும் ஒரே சமயத்தில் இந்த வேலை வருகிறது. அதனால் இன்று உங்கள் இடம், நாளை எங்கள் இடம் என்று அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் மாறி மாறிப் போய்ச் செய்துகொடுக்கின்றன. வருகிறவர்கள் தங்கள் குதிரையோடு வருவார்கள். விடியும்போதே மேய்ச்சல் நிலத்தில் மாடுகளைச் சேர்க்கத் தொடங்கினால்தான் வெயில் ஏறுவதற்குள் பட்டிக்குக் கொண்டுவரலாம். முப்பது கிலோமீட்டர் ஆளைச் சுமந்து வந்த குதிரை, வேலை தொடங்கும் முன்பே களைத்துவிடும். அதனால்தான் இருட்டிலேயே சேணத்தைப் போட்டு டிரெய்லரில் ஏற்றிவிடுகிறார்கள்.

ஏற்றிவிட்டால் போதும் என்றில்லை. ஒரு குதிரை 450 முதல் 550 கிலோ இருக்கும். நான்கு குதிரை என்றால் இரண்டு டன், அத்தனையும் நின்றுகொண்டே வருகிற உயிர். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் அவை காலை ஊன்றிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. நல்ல ஓட்டுநர் வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடுவார். கிளம்பும் முன் ரப்பர் விரிப்பைத் தூக்கி, அடியில் இருக்கும் பலகையைக் கத்தி முனையால் குத்திப் பார்ப்பார்கள். மூத்திரம் ஊறிப் பலகை உளுத்திருந்தால், ஓடும் வண்டியில் குதிரையின் கால் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் அந்தக் குதிரையைக் காப்பாற்றுவது கடினம்.

தூரப் பயணத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. தலையைக் குனிய முடியாதபடி உயரக் கட்டிவிட்டால், மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியே வராது. நுரையீரலில் கிருமி தங்கிக் காய்ச்சல் வரும். ஆகவே அவ்வப்போது நிறுத்தித் தலையைத் தாழ்த்த விடுகிறார்கள், தண்ணீர் காட்டுகிறார்கள். பழக்கமில்லாத ஊர்த் தண்ணீரைச் சில குதிரைகள் தொடவே தொடாது. விவரம் தெரிந்தவர்கள் வீட்டிலிருந்தே தண்ணீர் எடுத்துப்போவார்கள். நாலு கால் பிராணி, நாள் முழுக்க ஓடுகிறது, வண்டியில் நிற்பதற்கு என்ன என்று சிலர் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். வாயிருந்தால் அது சொல்லியிருக்கும்.

மாநில எல்லை தாண்டினால் ரத்தப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். 1970களில் லீராய் காகின்ஸ் என்ற கால்நடை மருத்துவர் உருவாக்கிய சோதனை அது. இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. குதிரைகளுக்கு வரும் ஒருவகை ரத்தசோகை வைரஸை அது காட்டிக்கொடுக்கும். அந்த நோய்க்கு மருந்து கிடையாது.

சரி, சமையலுக்கு வருகிறேன். 1866இல் டெக்சாஸில் சார்லஸ் குட்நைட் என்பவர் பழைய ராணுவ வண்டி ஒன்றை வாங்கி, அதன் பின்பக்கம் அறைகள் வைத்த மரப்பெட்டியைப் பொருத்தினார். பெட்டியின் கதவை இறக்கினால் அதுவே மேசை. நடமாடும் சமையலறை அப்படித்தான் வந்தது. மாதக்கணக்கில் மாடு ஓட்டிப்போன அந்தக் காலத்தில், சமையல்காரருக்குச் சாதாரண கௌபாயைவிடச் சம்பளம் அதிகம். காயத்துக்குக் கட்டுப்போடுவதும் முடி வெட்டுவதும்கூட அவர் வேலைதான். எல்லோருக்கும் முன்னால் எழுந்து தணல் மூட்டுவார். வார்ப்பிரும்புச் சட்டியின் அடியிலும் மூடி மேலும் தணலைப் பரப்பி, புளித்த மாவில் ரொட்டி சுடுவார். இரவு படுக்கும் முன் வண்டியின் ஏர்க்காலைத் துருவ நட்சத்திரம் இருக்கும் வடக்குத் திசைக்குத் திருப்பி வைப்பார். காலையில் எந்தப் பக்கம் போவது என்பதற்கு அதுவே அடையாளம்.

இன்று பெரும்பாலும் வீட்டு அடுப்படிதான். நான் போய் நின்றதும் அங்கேதான். முந்தின இரவே பெரிய மாட்டிறைச்சித் துண்டுகள் சின்னச் சூட்டில் ஓவன் அடுப்புக்குள் போய்விடும். பீன்ஸ் ஊறிக்கொண்டிருக்கும். லாரமி போன்ற ஊர் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, பீன்ஸ் லேசில் வேகாது. கீழே கற்ற கணக்கு அங்கே உதவாது. பிரஷர் குக்கர் இல்லையென்றால் பல மணி நேரம் முன்னதாகவே அடுப்பில் ஏற்ற வேண்டும்.

வெளியே ஏன் வாங்கக் கூடாது என்கிறீர்கள். பக்கத்து டவுன் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கலாம், அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சாப்பாட்டு நேரத்தை யாராலும் சொல்ல முடியாது என்பது. கடைசிக் கன்று முடிந்த பிறகுதான் உட்காருவார்கள். அது பதினொரு மணியாகவும் இருக்கலாம், மூன்று மணியாகவும் இருக்கலாம். எப்போது வந்தாலும் முப்பது பேருக்கும் சூடாக இருக்க வேண்டும். சம்பளம் வாங்காமல் உதவ வந்தவர்களுக்கு அந்தச் சாப்பாடுதான் மரியாதை. படங்களில் சுருக்குக் கயிறு வீசுவதையே காட்டுகிறார்கள். மறுநாள் தன் வீட்டுக் குதிரைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்கு ஓட்டிப்போகிறவரும் பல சமயம் முந்தின நாள் சமைத்த அதே பெண்மணிதான்.

பைக் விஷயம். நாலு சக்கர பைக்குகளை அவர்களும் வைத்திருக்கிறார்கள், வேலி பார்க்கப் போவதற்கு அது நல்லது. ஆனால் சத்தத்துக்கு மந்தை மிரண்டால் தாய் ஒரு பக்கம், கன்று ஒரு பக்கம் ஓடிவிடும். நெருக்கமாக நிற்கும் மந்தைக்குள் மெதுவாக நுழைந்து, கயிற்றால் கன்றின் பின்னங்கால்களைப் பிடித்து, மற்ற மாடுகளைக் கலைக்காமல் வெளியே இழுத்துவர இன்றும் பழகிய குதிரைதான் வேண்டும். கயிறு எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்று பார்த்து அது தானாகவே நின்றுகொள்ளும். எல்லாம் முடிந்து கன்றுகளை வெளியே விட்ட பிறகு, ஒவ்வொரு தாயும் தன் கன்றைக் கண்டுபிடித்துப் பால் கொடுக்கிறதா என்று பார்ப்பதும் குதிரை மேல் இருந்துதான்.