கடல் மட்டமும் கள்ளக்கணக்கும்

அன்புள்ள ஐயா,

நான் மண்டபத்தைச் சேர்ந்தவன். கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். கடல் மட்டத்தை அளக்க 1336 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோளின் இருப்பிடமே சில சென்டிமீட்டர் பிசகக்கூடும் என்கிறார்கள். அப்பிழையைத் 'திருத்தி'விட்டுக் கடல் ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டர் உயர்கிறது என்பது கள்ளக்கணக்கு அல்லவா? தனுஷ்கோடி மறுபடி மூழ்குமா? இதைப் படிக்கத் தமிழில் நல்ல நூல் உண்டா?

— மண்டபம் வாசகர்

அன்புள்ள தம்பி,

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது புயலும் அது தள்ளிக்கொண்டு வந்த கடலும். அந்தக் கதைக்குள் மில்லிமீட்டரைக் கொண்டுவர வேண்டாம். நூலைப் பிறகு பார்க்கலாம். திருத்தம் என்றாலே கள்ளக்கணக்கு என்று எழுதிவிட்டீர்களே, சில காலமாக என் மனத்தை அரித்துக்கொண்டிருப்பதும் அதுதான். இயற்பியல் படிப்பவர் இவ்வளவு அவசரப்படலாமா?

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று கல் கட்டிய கயிற்றை இறக்கிக் கடல் மட்டத்தை அளக்கலாம், பாலம் அசையாது. செயற்கைக்கோளுக்கு அந்த வசதி இல்லை. ரேடார் தருவது தனக்கும் நீருக்கும் உள்ள தூரத்தை மட்டுமே. செயற்கைக்கோளின் உயரத்திலிருந்து அதைக் கழித்தால்தான் கடல் மட்டம் கிடைக்கும் என்பதால், உயரத்தில் நேரும் பிழை அப்படியே கடலின் தலையில் விழும். 1978இல் ஏவப்பட்ட சீசாட் செயற்கைக்கோளில் அது மீட்டர் கணக்கில் இருந்தது; 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடனில் இரண்டு மூன்று சென்டிமீட்டராகக் குறைந்தது.

இப்பிழைக்கு ஒரு வடிவம் உண்டு. புவியீர்ப்பு மாதிரியிலும் காற்றின் இழுவையிலும் சூரிய ஒளியின் அழுத்தத்திலும் நாம் விட்ட குறைகளால் எழும் அது, பெரும்பாலும் செயற்கைக்கோள் பூமியை ஒருமுறை சுற்றுவதற்குள் ஒருமுறை ஏறி இறங்கும். கடலின் சுழிப்புகளோ சில நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். செயற்கைக்கோள் வடக்கே ஏறும் தடமும் தெற்கே இறங்கும் தடமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருப்பது ஒரே கடல். இரண்டு அளவுகளும் ஒத்துப்போகவில்லை என்றால், இடைப்பட்ட நாட்களில் கடல் மாறியிருக்க வேண்டும், அல்லது செயற்கைக்கோளின் உயரம் பிசகியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வெட்டுப்புள்ளிகளில் இந்த வேறுபாடு மிகக் குறையும்படி ஒரு நீண்ட அலையைப் பொருத்திக் கழிக்கிறார்கள். விடை இவ்வளவு வரவேண்டும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. வங்காள விரிகுடா அளவுள்ள ஒரு துண்டுத் தடத்தில் மட்டும் நேர்கோட்டைப் பொருத்திக் கழித்தால், பிழையோடு சேர்ந்து பருவந்தோறும் கடலே சாய்கிற சாய்வும் போய்விடும். திருத்தம் அளவு மீறினால் அது கடலையே தின்னும்.

அதைவிடக் கொடியது, திருத்தியதை எழுதி வைக்காமல் விடுவது. சிறுவயதில் எங்கள் ஊர்ப் படகுத்துறைத் தூணில் அடியும் அங்குலமும் குறித்த மரப்பலகை ஒன்று இருந்தது. அலை ஏறி இறங்குவதை மூன்று நான்கு முறை பார்த்து, நடுவே ஓர் எண்ணை மாமா சொல்வார். நான் நோட்டில் எழுதுவேன். ஒரு புயலுக்குப் பின் யாரோ புதுப் பலகை அறைந்தார்கள். உப்புப் பூத்த பழைய ஆணித் துளைகளுக்கு ஒரு சாண் மேலே அது ஏறியிருந்தது; நோட்டில் கடல் ஒரே நாளில் ஒரு சாண் இறங்கியது. மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் பழைய எண்களையெல்லாம் மையால் அடித்து, வரிசை ஒழுங்காகத் தெரியும்படி வேறு எண்களை எழுதிவிட்டுப் போனார். எவ்வளவு கழித்தார் என்று ஓரத்தில்கூடக் குறிக்கவில்லை. கள்ளக்கணக்கு என்றால் அது, தம்பி!

செயற்கைக்கோள் தரவில் உயரம், ரேடார் தூரம், ஓதம் என்னும் கடலின் ஏற்ற இறக்கம், காற்றின் ஈரப்பதம் என ஒவ்வொன்றும் தனித்தனியே இருக்கிறது. புவியீர்ப்பு மாதிரி மேம்படும்போது பழைய பாதைகளையும் மறுபடி கணிக்கிறார்கள்; வேண்டாத திருத்தத்தை நீங்களே கழற்றிவிட்டும் பார்க்கலாம்.

மூன்று மில்லிமீட்டரா? ஓர் அளவில் சென்டிமீட்டர் பிசகும். கோடிக்கணக்கான அளவுகளின் சராசரியில் அது கரைந்துவிடும். கரையாமல் மெல்ல நகரும் பிழையைக் கரையில் நின்று நீர்மட்டம் அளக்கும் ஓதமானிகளோடு ஒப்பிட்டுப் பிடிக்கிறார்கள். டோபெக்ஸும் அதற்கு அடுத்து வந்த ஜேசன்-1 செயற்கைக்கோளும் ஏறத்தாழ ஒரு நிமிட இடைவெளியில் ஒரே தடத்தில் சில மாதங்கள் பறந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பினால் வங்காள விரிகுடாவின் நடுவில் உள்ள வெட்டுப்புள்ளிகளில் தொடங்குங்கள். உங்கள் வீட்டு வாசலில் உள்ள பாக் விரிகுடாவை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஆழமற்ற அந்நீரில் ஓத மாதிரிகள் தடுமாறும், ரேடாரின் பார்வையில் தீவும் மணல்திட்டும் கலந்துவிடும், அங்கே செயற்கைக்கோளின் பாதைப் பிழை உங்கள் கவலைகளில் கடைசியாகத்தான் வரும்.