கறுப்பா, ஒல்லியா இருந்தா இன்டர்வியூல தோற்றத்தை வச்சே ரிஜெக்ட் பண்ணிடுவாங்களா?

பண்ணுவாங்க. "தன்னம்பிக்கை இருந்தா போதும்"னு மத்தவங்க எழுதியிருப்பாங்க, அதெல்லாம் படிச்சும் மனசு ஆறாம தான் கேக்கறீங்கன்னு தோணுது, அதனால நேரா சொல்லிடறேன். முதல் வேலை தேடற பொண்ணுன்னு நினைச்சுக்கறேன், தப்புன்னா மன்னிச்சுக்கோங்க.

நான் பொறந்து வளந்தது மும்பை தாராவி, சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம், அப்பா தோல் குடோன்ல வேலை. 2007ல பி.காம் முடிச்சிட்டு அந்தேரி ஈஸ்ட்ல ஒரு கம்பெனிக்கு ஆபீஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு எழுதிப் போட்டேன். பயோடேட்டால போட்டோ ஒட்டணும்னு இருந்துச்சு. 90 ஃபீட் ரோட்டுல ஒரு ஸ்டூடியோ, தாடைய தூக்கு, தோள இறக்குன்னு ரெண்டு கிளிக். மறுநாள் போய் வாங்கினா எட்டு காப்பி, எட்டுலயும் வேற யாரோ உக்காந்திருக்கா. முகம் மைதா மாவு கலர், கழுத்து மட்டும் என்னோடது. அண்ணா இது நான் இல்லையேன்னேன். "இன்டர்வியூக்குன்னு சொன்னியேம்மா, அதான் கொஞ்சம் லைட் பண்ணேன், அதுக்கு காசு வேணாம்"னார். மனசார உதவி பண்ணியிருக்கார், திட்டவும் முடியல. மறுபடி எடுக்க காசு இல்ல, அதையே ஒட்டிட்டேன். காசு இல்லங்கறது பாதி தான் உண்மை, ராத்திரி ரெண்டு தடவ எடுத்துப் பாத்துக்கிட்டேன், பிடிச்சும் இருந்துச்சு.

இன்டர்வியூ அன்னிக்கு தாராவிக்கு பக்கத்துல இருக்கற சயான்ல ட்ரெயின் ஏறி தாதர்ல மாறி லேடீஸ் பெட்டில நசுங்கிக்கிட்டே போனதுல துப்பட்டா பின் எங்கயோ போயிடுச்சு. பக்கத்துல நின்ன மராத்திக்கார அம்மா ஒருத்தங்க வளையல்ல மாட்டியிருந்த ஊக்கை கழட்டி ஒரு வார்த்தை பேசாம குத்தி விட்டாங்க. அன்னிக்கு நடந்த ஒரே நல்ல விஷயம் அது தான்.

ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு போட்டோவ பாத்தா, என்னை பாத்தா, மறுபடி போட்டோவ பாத்தா. "யே ஆப் ஹீ ஹை?" இது நீங்க தானான்னு ஹிந்தில கேட்டா. உள்ள இருந்து ஹெச்.ஆர் வந்து பயோடேட்டாவ என் கன்னத்து பக்கத்துல தூக்கிப் பிடிச்சு பாத்தார், வரிசைல உக்காந்திருந்தவங்க எல்லாரும் பாத்தாங்க. காலேஜ் ஐடி காட்டினப்புறம் தான் உள்ளயே விட்டாங்க. மொத்தம் அஞ்சு நிமிஷம் இருக்கும். டாலிங்கற கணக்கு சாஃப்ட்வேர், டெபிட் கிரெடிட் எதுவும் கேக்கல, தலைல என்ன எண்ணெய், தாராவில எங்க வீடுன்னு தான் கேட்டாங்க. அப்புறம் கூப்பிடவே இல்ல.

கலருக்காக தான் ரிஜெக்ட் ஆச்சுன்னு நிரூபிக்க முடியுமான்னு கமென்ட்ல வருவீங்க, தெரியும். முடியாது. என் இங்கிலீஷும் அப்ப சுமார் தான். ஆனா அந்த இங்கிலீஷ பேச விட்டுட்டு ரிஜெக்ட் பண்ணியிருக்கலாம் இல்ல?

அட்ரஸ் பத்தி சொல்லணும். அதுக்கப்புறம் பயோடேட்டால தாராவிய எடுத்துட்டு சயான்னு போட்டேன், எங்க கல்லில, அதாவது சந்துல, பாதி பேர் அப்படி தான் போடுவாங்க. அதே கல்லிக்கு இப்ப டூர்னு காசு வாங்கிட்டு வெள்ளைக்காரங்கள கூட்டிட்டு வர்றாங்க, எங்கம்மா வாசல்ல இட்லி மாவு ஆட்டறத நின்னு பாக்கறாங்க. அம்மாகிட்ட யாரும் கேக்கல, கேட்டா தானே ஒரு காபியாவது போட்டுக் குடுக்கும். சரி, கேள்விக்கு வர்றேன்.

பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டில ரெண்டு பேர் பண்ணி 2006ல வந்த ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. ஒரு முகத்த ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்கு நேரம் காட்டினாலே இவர் நம்பகமானவரா, திறமைசாலியான்னு ஜனங்க முடிவு கட்டிடறாங்களாம். இன்னும் அதிக நேரம் குடுத்தாலும் முடிவு பெருசா மாறல, நம்ம முடிவு சரிங்கற நினைப்பு தான் கூடுச்சு. இங்க கிரீம் போட்டா வேலை கெடைக்கும்னு விளம்பரம் பாத்து வளந்தவங்க தான் எதிர்ல உக்காந்திருக்காங்க. 2020ல ஃபேர் அண்ட் லவ்லிங்கற அந்த கிரீம் பேர்ல இருந்த ஃபேரை எடுத்துட்டு "க்ளோ"ன்னு போட்டாங்க, எங்க தெரு கடைல இன்னும் பழைய பேரு தான்.

நான் மட்டும் யோக்கியமான்னா அதுவும் இல்ல. இப்ப நானே அக்கவுண்ட்ஸ் டீமுக்கு ஆள் எடுக்கறேன். போன ஜூலைல கொட்டற மழைல ஒரு பையன் ரப்பர் செருப்போட, முட்டி வரைக்கும் சேறோட வந்து நின்னான். அவன் வாய திறக்கறதுக்கு முன்னாடியே மார்க் ஷீட்ல அஞ்சுக்கு ரெண்டு போட்டுட்டேன். "மேடம், கால் கழுவ எங்க போகணும்"னு கேட்டான், கைல பிளாஸ்டிக் பைக்குள்ள பாலிஷ் போட்ட ஷூ. பேனால எழுதினது, அடிச்சு தான் மாத்த முடிஞ்சுது. அப்படியும் மூணு தான் போட்டேன், ஏன்னு இப்பவும் தெரியல.

அதனால துணிய தேய்ச்சுப் போட்டுக்கோங்க, ஷூவ பைல போட்டு எடுத்துட்டு போய் கேட் கிட்ட மாத்திக்கோங்க, வளையல்ல ரெண்டு ஊக்கு மாட்டிக்கோங்க. போட்டோ எடுக்கப் போனா உக்காரும்போதே சொல்லிடுங்க, அண்ணா கலர்ல கை வைக்காதீங்கன்னு. சொல்லலன்னா வச்சிடுவாங்க.