டாக்டருக்குப் பாடம் நடத்துவது யார்? – கேள்வி பதில்

மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மருந்துக் கம்பெனிப் பணம் மருத்துவக் கல்விக்குள் எப்படி நுழைகிறது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டு நிபந்தனைகள்: நீட் கட்-ஆஃப் கேட்கக் கூடாது. இங்கே படித்ததை வைத்து உங்கள் மாத்திரையை நீங்களே நிறுத்தக் கூடாது.

ஹவுஸ் சர்ஜன், தஞ்சாவூர்: கம்பெனி ஸ்பான்சர் செய்யும் சி.எம்.இ.க்கு (டாக்டர்களுக்கான தொடர்கல்வி நிகழ்ச்சி) போனால் டாக்டர் எழுதும் மருந்து மாறிவிடும் என்பதற்கு ஆதாரம் உண்டா சார்? சொன்னால் சீனியர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கிறவர்களிடம் 1992-ல் 'செஸ்ட்' என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வைக் காட்டுங்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவமனையின் டாக்டர்களைச் சொகுசு விடுதியில் நடந்த கருத்தரங்குகளுக்குக் கம்பெனிச் செலவில் அழைத்துப் போனார்கள். இரண்டு மருந்துகள், மருந்துக்கு 10 டாக்டர்கள். புறப்படும் முன் கேட்டபோது, இதனால் நான் எழுதும் மருந்து மாறாது என்றே கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னார்கள். பிறகு மருந்தகக் கணக்கை எடுத்துப் பார்த்தால், ஒரு மருந்தின் பயன்பாடு மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது. இன்னொன்று இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது.

2001-ல் இன்னொரு ஆய்வு. பயிற்சி டாக்டர்களிடம், ரெப்கள் (மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிகள்) பேசுவது உங்களைப் பாதிக்குமா என்று கேட்டார்கள். என்னைப் பாதிக்காது என்றவர்கள் 61 சதவீதம். மற்ற டாக்டர்களையும் பாதிக்காது என்றவர்கள் வெறும் 16 சதவீதம். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் சிக்கலே. லஞ்சம் என்று தெரிந்தால் பெரும்பாலான டாக்டர்கள் கையை உதறிவிடுவார்கள். பாடம் என்ற பெயரில் வருவதால்தான் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள்.

ஓர் அம்மா, ஈரோடு: மகனுக்கு நீட்டில் 480. எந்தக் கல்லூரி கிடைக்கும் ஐயா?

தேர்வுக் குழு இணையதளத்தைப் பாருங்கள் அம்மா. மகனுக்கு வாழ்த்துகள்.

ஆசிரியர், விருதுநகர்: மருத்துவக் கல்லூரியை வியாபாரமாக நடத்துவது நம் நாட்டில் மட்டும்தானா?

இல்லை. நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் இதைவிட மோசம். நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து ஒரு கட்டடம் பிடித்து, கல்லூரி என்று பெயர் வைத்து, மாணவர் கட்டும் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. ஆய்வகம் இருக்காது, நோயாளி இருக்க மாட்டார். ஆப்ரஹாம் ஃபிளெக்ஸ்னர் என்பவர் கார்னகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 கல்லூரிகளைப் பார்த்து 1910-ல் அறிக்கை கொடுத்தார். அவர் டாக்டர்கூட இல்லை, பள்ளி நடத்தியவர். அதற்குப் பிறகு கடைக் கல்லூரிகள் வரிசையாக மூடின.

ஆனால் பாதிப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. அப்போது கறுப்பின மாணவர்களுக்கு இருந்த 7 கல்லூரிகளில் ஹோவர்டு, மெஹாரி என்ற இரண்டுதான் தப்பின. 'தரம்' என்று யாராவது பேச ஆரம்பித்தால், யாரை வெளியே தள்ளப் போகிறார்கள் என்றும் சேர்த்துக் கேட்பது என் வழக்கம்.

வாசகர், யாழ்ப்பாணம்: இலங்கையில் தனியார் மருத்துவக் கல்லூரி என்றாலே போராட்டம் வெடிக்கிறதே, அது சரியா?

ராகமவில் வடகொழும்பு மருத்துவக் கல்லூரி 1989-ல் அரசு வசமானது. மாலபேயில் சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரி 2017-ல் முடிவுக்கு வந்தது. இலவசக் கல்வியைக் காக்கிறோம் என்ற போராட்டக்காரர்களின் வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அங்கே இடம் கிடைக்காத பிள்ளைகள் பணம் கட்டி வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதும் வியாபாரம்தானே? அதற்கு ஏன் கொடி பிடிப்பதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பி.ஜி. மாணவி, கோவை: பலரை அடிமையாக்கிய வலி மாத்திரை ஆக்ஸிகான்டின் விஷயத்தில் அத்தனை அமெரிக்க டாக்டர்கள் எப்படி ஏமாந்தார்கள்?

நல்ல கேள்வி. வகுப்பில் நான் ரசித்து நடத்திய பாடம் இது.

1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாமல் புதிதாக அடிமையானவர்கள் 4 பேர்தான் என்றது. அவர்கள் உள்நோயாளிகள்; மருந்து நர்ஸ் கையிலிருந்து வந்தது. வீட்டுக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தனுப்பினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

1996-ல் பர்டியூ கம்பெனி ஆக்ஸிகான்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2002-க்குள் வலி தொடர்பான 20,000-க்கும் மேற்பட்ட கல்வி நிகழ்ச்சிகளுக்குப் பணம் கொடுத்தது. கவனியுங்கள், விளம்பரம் இல்லை, 'கல்வி'. அடிமையாகும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே என்பது டாக்டர்கள் மனதில் பதிந்துபோனது. 2017-ல் அந்தக் கடிதத்தை யாரெல்லாம் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணினார்கள்: 608 கட்டுரைகள். அவர்கள் உள்நோயாளிகள் என்பதைச் சொல்லாமல் விட்டவை ஐந்தில் நான்கு! ஐந்து வாக்கியத்தை முழுசாகப் படிக்க எத்தனை நிமிஷம் ஆகும்?

(வலிக்கு ஓபியாய்டு சாப்பிடுகிறவர் யாராவது இதைப் படித்தால், திடீரென்று நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் பேசுங்கள்.)

மாணவர், சேலம்: நீட் ரிப்பீட் பண்ணலாமா?

மேலே நிபந்தனை எழுதியிருக்கிறேன்.

மெடிக்கல் ரெப், மதுரை: எல்லாப் பழியும் எங்கள் தலையிலா? புது மாலிக்யூல் (புது மருந்து) வந்தால் டாக்டருக்குச் சொல்வது யார்? அரசாங்கமா? மழையில் பைக்கில் போய் இரண்டு மணி நேரம் வாசலில் காத்திருந்து சொல்வது நாங்கள்தான்.

உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை தம்பி. ஆனால் உங்களுக்கு மாதாமாதம் டார்கெட் உண்டு. பேராசிரியருக்கு அது கிடையாது. பழைய மாத்திரையே போதும் என்று சொல்ல எந்தக் கம்பெனியும் ரெப் அனுப்பாது, அந்தப் பாடத்தை நடத்த ஆள் இல்லை.

பொது மருத்துவர், தேனி: ரெப் சொல்வது நியாயம் சார். 5 வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி வேண்டும் என்கிறார்கள். ஹால் வாடகை, சாப்பாடு, பேச்சாளர் பயணம் எல்லாம் யார் தருவார்கள்? ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கு என் பேனாவை விற்பேனா?

விற்க மாட்டீர்கள், தெரியும். 2016-ல் அமெரிக்காவில் சுமார் 2.8 லட்சம் டாக்டர்களின் கணக்கைப் பார்த்தார்கள். ஒரு கம்பெனியிடம் 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு சாப்பாடு வாங்கியவர்கள்கூட அந்தக் கம்பெனி விளம்பரப்படுத்திய பிராண்டைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பணம் யார் தருவது என்பது நியாயமான கேள்வி. கட்டாயம் என்று விதி போடும் அரசாங்கம் செலவையும் ஏற்க வேண்டும். அல்லது டாக்டர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஹோட்டல் ஹாலுக்குப் பதில் கல்லூரி லெக்சர் ஹாலில், டீ பிஸ்கட்டோடு நடத்தலாம். கூட்டம் குறையும். குறையட்டும்.

மெடிக்கல் ரெப், மதுரை: அப்படியென்றால் வாங்குகிற டாக்டரைச் சொல்லுங்கள் சார். நாங்களா வலியப் போய்க் கொடுக்கிறோம்?

இரண்டு பக்கமும்தான். டாக்டர் பரிசு வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009-லேயே விதி போட்டது. சென்னை அபெக்ஸ் லேபரட்டரீஸ், டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களுக்கு வரி விலக்குக் கேட்ட வழக்கில், வாங்குவது குற்றமென்றால் கொடுத்ததற்கு விலக்கு இல்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தங்கக் காசு, ஃபிரிட்ஜ், டி.வி. என்று அந்தத் தீர்ப்பே இந்த வழக்கத்தை விவரிக்கிறது.

கம்பெனி ஸ்பான்சர் செய்யும் கருத்தரங்குக்கே டாக்டர் போகக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி கொண்டுவந்தது. அதே மாதம் நிறுத்தியும் வைத்தது. 2024-ல் வந்த மருந்து விற்பனை நெறிமுறை, கம்பெனிகள் வெளிநாட்டில் சி.எம்.இ. நடத்துவதைத் தடுக்கிறது. சரி, புகாரை விசாரிப்பது யார்? கம்பெனிகளின் சங்கம் அமைக்கும் குழு. வேறென்ன சொல்ல.

பொது மருத்துவர், தேனி: நீங்கள் கல்லூரிக்குள்ளேயே இருந்தவர். கிளினிக் நடத்திப் பார்த்தால் தெரியும்.

இருக்கலாம். முதலில் சொன்ன 'செஸ்ட்' ஆய்வின் அந்த 20 டாக்டர்களும் நோயாளி பார்த்தவர்கள்தான்.

இல்லத்தரசி, நாகர்கோவில்: அப்பாவின் பி.பி. மாத்திரை விலை அதிகம். கம்பெனிக்காக எழுதியதா? மாற்றிவிடலாமா?

நீங்களே மாற்றாதீர்கள், நிறுத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது, இதே மருந்து குறைந்த விலையில் உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

மாணவர், கடலூர்: சார், நீட்…

வேண்டாம்.

பி.ஜி. மாணவி, கோவை: ரெப் வரும்போது நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

ரெப் காட்டும் விஷுவல் எய்டை (மருந்து விளம்பரப் படப் புத்தகம்) வாங்கி, முதலில் வரைபடத்தின் செங்குத்து அச்சைப் பாருங்கள். 0-ல் தொடங்காமல் 80-ல் தொடங்கினால், இரண்டு புள்ளி வித்தியாசம் மலை மாதிரி தெரியும். அடுத்து, 'மாரடைப்பு 50 சதவீதம் குறைகிறது' என்றால், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று கேளுங்கள். நூற்றுக்கு 2 பேர் 1 ஆனாலும் 50 சதவீதம்தான். எதோடு ஒப்பிட்டார்கள், வெற்று மாத்திரையோடா, இப்போது நாம் கொடுக்கும் மருந்தோடா? கடைசியாக, ஒரு மாதத்துக்கு என்ன விலை. மதுரைத் தம்பியும் இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். இனி மாணவர்கள் கேட்பார்கள்.